எழுநூறு பலகைகளும் ஒரு கிளாஸ் டீயும்

குரு என்றால் தாடி வேண்டும், காடு வேண்டும், சீடனைவிட வயது கூடுதலாக வேண்டும் என்றெல்லாம் சட்டம் ஒன்றும் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் இருந்த குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ஜெசிந்தா. கப்பல் கம்பெனி ஆபீஸ்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரக்கப்பல் நிற்குமே, அதைச் செய்கிறவர். ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். அவர்கள் டீச்சர் என்று கூப்பிடுவார்கள்.

சீடருக்கு வயது அறுபத்தெட்டு. பெயர் ஞானதிரவியம். கேப்டன் ஞானதிரவியம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவரே திருத்துவார். இருபதாயிரம் டன் கப்பல்களைக் கரையணைத்த மனுஷர். டீச்சரோ ஆயுளில் கப்பல் ஏறியதில்லை. சர்ச் திருவிழாவுக்கு ஒரு தடவை படகில் போய், போக வர வாந்தி எடுத்ததோடு சரி. இதைக் கேள்விப்பட்டதும், நாம் படிக்க வந்திருக்கிறோமா, பாடம் எடுக்க வந்திருக்கிறோமா என்று கேப்டன் முதல் நாள் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அது இருக்கட்டும், அவர் வந்த காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நீலாம்பரி என்று ஒரு பழைய சரக்குக் கப்பல். மேல்தளம் முழுக்கத் தேக்குப் பலகை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஞானதிரவியம் அதன் கேப்டன், காயல்பட்டினம் மீராசா அதன் செராங்கு. செராங்கு என்றால் தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். கயிறு, நங்கூரம், பெயிண்ட், கழுவல் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு முறை விசாகப்பட்டினத்தில் முதலாளிகள் கப்பலைப் பார்க்க வருவதாக இருந்தது. மீராசாவும் ஆட்களும் மூன்று நாள் முழங்கால் போட்டுக் கல்லால் தேய்த்துத் தளத்தை வெளுக்க வைத்தார்கள். முதலாளிகள் வருகிற அன்று காலையில் பார்த்தால், சுக்கான் அறைக்குக் கீழே, இடது பக்கம், பெரிதாக ஒரு டீக் கறை.

கேப்டன் குதி குதியென்று குதித்தார். யார் செய்தது என்று கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. செராங்கின் ஆட்கள்தான், வேறு யார் என்று, அத்தனை பேர் முன்னாலும் மீராசாவை நிற்க வைத்துக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார். உம்ம ஆள் கொட்டினதை நீரே துடையும், ஒண்டியாகத் துடையும் என்றும் சொன்னார். மீராசா வெயிலில் முழங்கால் போட்டுத் தேய்த்தார். முதலாளிகள் ஏணியில் ஏறுகிற நேரம் வரைக்கும் தேய்த்தார்.

சாயங்காலம்தான் கேப்டனுக்கு ஒரு யோசனை வந்தது. காலை டீயைக் குடித்த ஞாபகமே இல்லையே? சுக்கான் அறைக்கு வெளியே கைப்பிடிக் கட்டையில், இடது கைப் பக்கம், கிளாஸை வைத்தது ஞாபகம் இருந்தது. இழுவைப் படகு வந்து இடித்தது ஞாபகம் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது கிளாஸ் காலியாகச் சரிந்து கிடந்ததும் ஞாபகம் இருந்தது. குடித்துவிட்டோம் போலிருக்கிறது என்று எண்ணி அப்போது உள்ளே போயிருந்தார்.

ஆக, கறை அவருடையது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கேப்டன் அல்லவா? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாளை முப்பது வருஷம் ஓடிவிட்டது. மீராசா அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் இருந்த இரண்டு வருஷமும் 'சரி சார்' என்பதைத் தவிர அவரிடம் வேறு பேச்சுப் பேசவில்லை.

இந்த ஐப்பசியில் நீலாம்பரியின் பழைய சமையல்காரர் போன் பண்ணினார். மீராசாவுக்கு எண்பது ஆகிறது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, தை மாதம் முதல் ஞாயிறு பழைய ஆட்கள் எல்லாரும் அவரைப் பார்க்கப் போகிறோம், கேப்டனும் வந்தால் நன்றாக இருக்கும் என்றார். முழங்கால் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து கேப்டனுக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நீலாம்பரியைச் சின்னதாகச் செய்து, அதன் தளத்தைத் தன் கையாலேயே பலகை பலகையாக ஒட்டி, மீராசா மடியில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டியது. வாயைத் திறக்க வேண்டியிருக்காது. ஒரு வரி சொல்வதற்கு எழுநூறு பலகை ஒட்டுவது மேல் என்று நினைக்கிற ஆட்கள் உலகத்தில் உண்டு.

கப்பலின் உடம்பை டீச்சர் நூறில் ஒரு பங்கு அளவில் செய்து வைத்திருந்தார். தளம் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய பிளைவுட் மட்டும் பரப்பியிருந்தது. அதன் மேல் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவிய மரக்கீற்றுகளை வரிசையாக ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று கேப்டன் நினைத்தார். நீளமான கீற்றாகப் பார்த்து எடுத்து, முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே ஓட்டமாக ஐந்து வரிசை ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் வந்து பார்த்தார். ஒரு தீக்குச்சியைப் பாதியாக ஒடித்து, மருந்துத் தலை மேலே இருக்கும்படி, ஒரு பொட்டுக் களிமண்ணில் அந்தத் தளத்தின் மேல் நிறுத்தினார்.

"இது யாரு?" என்றார் கேப்டன்.

"இந்தக் கப்பல்ல வேலை பாக்குத ஆளு. இந்த அளவுக்கு மனுஷன் இவ்வளவு உயரம்தான் வருவான்."

"சரி."

"உங்க பலகை எண்பது மீட்டர் வருது, சார். இவரு எந்தக் காட்டுல வெட்டினாரு?"

கேப்டன் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். எண்பது மீட்டருக்கு ஒரே பலகை தருகிற தேக்கு எங்கேயும் முளைக்கவில்லை. முளைத்தாலும் அதை ஏற்றிவர இன்னொரு கப்பல் வேண்டும். சத்தம் காட்டாமல் ஐந்து வரிசையையும் பெயர்த்தெடுத்து, கீற்றுகளை ஆறு ஆறு சென்டிமீட்டராக வெட்ட ஆரம்பித்தார். நிஜத்தில் அது ஆறு மீட்டர். ஆறு மீட்டர் பலகையை இரண்டு தீக்குச்சி ஆட்கள் தூக்கிவிடுவார்கள்.

அடுத்தது இணைப்பு. கேப்டனுக்கு ஒழுங்கு என்றால் உயிர். எல்லா வரிசையிலும் பலகை முடிகிற இடம் ஒரே கோட்டில் வரும்படி ஒட்டி, தூரத்தில் போய் நின்று ரசித்தார். டீச்சரின் மேஜைக்குக் கீழே ஒரு செருப்புப் பெட்டி உண்டு; அது நிறைய வெட்டி மிஞ்சிய துண்டு மரம். அதிலிருந்து டீச்சர் பத்துக் கீற்று எடுத்து, அவர் செய்த மாதிரியே இணைப்பெல்லாம் ஒரே கோட்டில் வரக் காகிதத்தில் ஒட்டி, காய்ந்ததும் அவர் கையில் கொடுத்தார். வாங்கின வாக்கிலேயே அது அந்தக் கோட்டில் அப்பளம் மாதிரி ஒடிந்தது.

அப்புறம் டீச்சர் விளக்கினார். பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் ஒரே இடத்தில் முடியக் கூடாது. ஒரு இணைப்புக்கு நேராக இன்னொரு இணைப்பு வர வேண்டுமென்றால் நடுவில் மூன்று பலகை முழுதாக ஓட வேண்டும். தளத்தின் நடுக்கோட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் சமமாகப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் வந்து இடிக்கும். கேப்டன் நோட்டில் எழுதிக்கொண்டார். பெயர்த்தெடுக்கிற வேலையில் இப்போது அவர் கை நன்றாகத் தேறியிருந்தது.

மூன்றாவது பாடத்தில்தான் மூக்கு சரியாக உடைந்தது. நிஜக் கப்பலில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சணல் அடித்து, அதன் மேல் தார் மாதிரிக் கீல் ஊற்றுவார்கள். அது தளம் முழுக்க மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். சின்னக் கப்பலில் அதற்கு, ஒட்டும் முன்னால் ஒவ்வொரு கீற்றின் ஓரத்திலும் பென்சிலைத் தேய்க்க வேண்டும். கேப்டனுக்கு அந்தக் கறுப்புப் போதவில்லை. மார்க்கர் பேனா வாங்கி வந்தார். எந்த வேலையையும் முதலில் துண்டு மரத்தில் செய்து பார்க்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். அதற்குத்தான் அந்தச் செருப்புப் பெட்டியே. அதில் செய்து பார்த்தீர்களா என்று டீச்சர் கேட்டதற்கு, இருபதாயிரம் டன் கப்பலை நான் ஒத்திகை பார்த்தா கரையணைத்தேன் என்று கேட்டார் கேப்டன்.

பசையின் ஈரம் பட்டதும் மை மரத்துக்குள் இறங்கி ஓடியது. நாற்பது பலகை வரிக்குதிரை ஆனது.

"முதல்ல துண்டு மரத்துல, சார்" என்றார் டீச்சர். அவ்வளவுதான். நாற்பதையும் பெயர்க்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு கேப்டன் மூக்கைச் சிந்துவதற்குக்கூட அந்தச் செருப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் சிந்தினார்.

மாடியில் இன்னொரு சட்டமும் இருந்தது. வேலை மேஜைக்கு டீ வரக் கூடாது. வாசல் பக்கம் ஒரு ஸ்டூல் கிடந்தது. டீ அங்கேதான் இருக்கும், குடிப்பவர் அங்கே போய்த்தான் குடிக்க வேண்டும். டீச்சரே அப்படித்தான் குடிப்பார். கேப்டன் அதையும் மதித்து நடந்தார், அநேகமாக.

பூனை ஒன்றுதான் அவருக்கு ஒத்துவரவில்லை. டீச்சரின் பூனை, பெயர் சுக்கானி. உடம்பு பெருத்த பூனை. கேப்டன் உட்காருகிற நாற்காலியில்தான் அது தூங்கும். எழுப்பினால், நீர் யார் என்று கேட்பது போல ஒரு பார்வை பார்க்கும். தம் முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் தம்மை அப்படிப் பார்த்த முதல் ஆள் அதுதான் என்று கேப்டன் டீச்சரிடம் முறையிட்டார்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. தளம் நிறைந்து வந்தது. மேடு பள்ளம் பார்ப்பதற்கு ஒரே வழி, கண்ணைத் தளத்தின் மட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பதுதான். மேஜை தாழ்ந்த மேஜை. கேப்டன் தரையில் முழங்கால் போட்டு, நாடியை மேஜையில் வைத்து, தீக்குச்சி ஆள் நிற்கிற உயரத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பலகைக்கு ஒரு தரம். பத்துப் பலகைக்குள் முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. முப்பத்தைந்து வருஷம் அவர் எத்தனையோ தளங்களைப் பார்த்திருக்கிறார், எல்லாம் மேலே நின்று. முழங்கால் போட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அந்தத் தீக்குச்சியை எப்போதிலிருந்து மீராசா என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது. கொஞ்சம் தள்ளி நில்லும் மீராசா, பசை படும், என்று சொல்லித்தான் அதை நகர்த்தி வைப்பார்.

ஒட்டி முடித்த பிறகு தளத்தைச் சமப்படுத்த உப்புத்தாள் கேட்டார். டீச்சர் பிளேடு கொடுத்தார். தாளில் தேய்த்தால் பென்சில் கறுப்பு தூளாகி வெள்ளை மரத்தில் ஏறிவிடும். பிளேடை நிமிர்த்திப் பிடித்து மரத்தின் ஓட்டத்தோடு சுரண்ட வேண்டும். கேப்டன் துண்டு மரத்தில் ஒரு வாரம் பழகிவிட்டுத்தான் தளத்தில் கை வைத்தார். கடைசியாக ஒவ்வொரு பலகையின் முனையிலும் ஊசியால் இரண்டு புள்ளி குத்தி, பென்சில் முனையை அதில் திருகினார். அது மர ஆணி. எழுநூறு பலகைக்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிப் புள்ளி ஒரு வியாழக்கிழமை காலையில் முடிந்தது. மறுநாள் வார்னிஷ். மீராசாவைப் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்குள் சுக்கான் அறையோடு மேல்கட்டையும் ஏற்றிவிடலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டு, பார்சல் ஒன்றை அனுப்பத் தபாலாபீசுக்குப் போயிருந்தார். பூனையும் அந்த வாரம் நாற்காலிப் பக்கமே வரவில்லை. கடைசியில் தம் கம்பீரத்துக்கு அடங்கிவிட்டது என்று கேப்டனுக்கு ஒரு திருப்தி.

தளத்தைப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, அத்தனை அழகாக இருந்தது. இதைக் கொண்டாடாமல் எப்படி? எதிர்க் கடையில் போய் ஒரு கிளாஸ் டீ வாங்கி வந்தார். ஸ்டூல் வரை போனார். ஸ்டூலில் இருந்து பார்த்தால் தளம் சரியாகத் தெரியவில்லை. ஆளில்லாத இடத்தில் கேப்டனுக்கு யார் சட்டம் சொல்வது? கிளாஸை எடுத்துவந்து மேஜையில், கப்பலை ஒட்டினாற்போல, இடது கைப் பக்கம் வைத்தார். அரை நிமிஷம்தான். மீராசாவை எடுத்து நடுத்தளத்தில் நிறுத்தலாம் என்று கையை நீட்டினார். முழங்கை தட்டியது.

வார்னிஷ் காணாத மரம். உறிஞ்சுவதற்குக் கேட்கவா வேண்டும்? வேட்டி முனையால் ஒற்றினார். ஒற்ற ஒற்ற அது பரவியது. நாலு பலகையில், சுண்டுவிரல் அகலத்துக்கு, பழுப்பாக உட்கார்ந்துவிட்டது.

படியில் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது. கேப்டன் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"உங்க பூனை பண்ணின வேலையைப் பாருங்க, டீச்சர்."

டீச்சர் பையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். "சுக்கானியா?"

சுக்கானியேதான் என்றார் கேப்டன். பொய்யை அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜன்னல் வழியாக வந்தது என்றார். மேஜைமேல் ஏறி, வாலை ஒரு சுழற்றுச் சுழற்றியது என்றார். தாம் ஸ்டூலில் குடித்துக்கொண்டிருந்த டீயை மேஜைக்கு எப்படி அது கொண்டுவந்தது என்கிற இடத்தில் கொஞ்சம் தடுமாறினார். டீச்சர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"சுக்கானி திங்கக்கிழமை நாலு குட்டி போட்டிருக்கு, சார். கீழ செல்போன் கடையில அட்டைப்பெட்டிக்குள்ள கிடக்கு. குட்டிகளை விட்டு இந்தண்டை அந்தண்டை நகரல. கடைக்காரர்தான் பால் ஊத்துதாரு."

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. டீச்சர் துண்டு மரம் ஒன்றை எடுத்து, மிச்சமிருந்த டீயில் தோய்த்து, பிளேடோடு அவரிடம் கொடுத்தார். கேப்டன் சுரண்டினார். மரம் ஓட்டையாகி விரல் தெரிந்தது. கறை அப்போதும் ஓட்டையைச் சுற்றி இருந்தது.

"சுரண்டிப் போகாது. நாலு பலகையையும் பெயர்த்துட்டுப் புதுசு இறக்கலாம். அரை நாள் வேலை. வார்னிஷ் அடிச்சா யாருக்கும் தெரியாது" என்றார் டீச்சர். "செஞ்சிருவோமா?"

யாருக்கும் தெரியாது என்றதும் கேப்டனுக்கு உயிர் வந்தது. உளியை எடுத்தார். எங்கே தொடங்கலாம் என்று பார்க்க, பழக்கத்தில் முழங்கால் போட்டு, நாடியை மேஜையில் வைத்தார். தீக்குச்சி கறையின் ஓரத்தில் சரிந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்தார். பக்கத்தில், மேல்கட்டு ஏற்றுவதற்காகப் பென்சிலால் குறித்திருந்த சுக்கான் அறை. அதற்கு இடது பக்கம் கறை. கறையின் முன்னால் மீராசா.

அதே இடம். அதே இடது கை.

கேப்டன் உளியைக் கீழே வைத்தார். எழுந்திருக்கவில்லை. முழங்காலில் நின்றபடியே, விசாகப்பட்டினத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். முப்பது வருஷத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. வெட்கமாகவும் இருந்தது, இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

"இந்த நாலு பலகையையும் மாத்த வேண்டாம்" என்றார் கேப்டன் கடைசியில். "இப்படியே கொண்டுபோறேன்."

"சரி, சார்."

அந்த 'சரி சார்' அவரைச் சுருக்கென்று குத்தியது. "கொண்டுபோய் வச்சுட்டுச் சும்மா நிக்க முடியாதுல்லா? சொல்லணும். ஆனா எப்படிச் சொல்லுதது? முப்பது வருஷம் ஆச்சும்மா. நான்தான் கொட்டினேன், உங்க மேல போட்டுட்டேன், மன்னிச்சிடுங்கன்னு என் வாய் ஒரு நாளும் யார்கிட்டயும் சொன்னதில்லையே. அங்க போய் நின்னா வருமா?"

டீச்சர் காலிக் கிளாஸை எடுத்துப் போய்க் கழுவி, வாசல் ஸ்டூலில் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"முதல்ல துண்டு மரத்துல, சார்" என்றார். "பூனை கீழதான் இருக்கு."